ஹோகன் 11 மாதத்தில் திரும்பி வந்தார், எனக்கு ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு 26 வயது. அப்பா பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடி. நானும் சின்ன வயதில் பை தூக்கப் போய், அப்படியே ஆடக் கற்று, மூன்று வருடம் முன்பு தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன். போன வருடம் பைக்கில் போகும்போது லாரி இடித்து இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இடது கணுக்காலும் உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது 10 மாதம் ஆகிறது. நடக்கிறேன், பந்தும் அடிக்கிறேன். ஆனால் ஒரு சுற்றின் 18 ஹோலில் 12வதைத் தாண்டினால் கணுக்கால் வீங்கி, அடிமுதுகும் பிடித்துக்கொள்கிறது. என் கோச் வாட்ஸ்அப்பில் பழைய அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் கதையாக அனுப்புகிறார். "அதே இடுப்பு, அதே இடது கணுக்கால், அவன் 11 மாதத்தில் வந்துவிட்டான். உனக்கு மனசில்தான் பலம் இல்லை" என்கிறார். இரண்டு மாதத்தில் டூருக்கான தகுதிச் சுற்று. போகலாமா?
— அல்சூரிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இந்த முறை போகாதீர்கள். காரணத்தை ஹோகன் கதையை வைத்தே சொல்ல முடியும், ஏனென்றால் உங்கள் கோச் அனுப்புவது அதில் பாதிதான், அதுவும் கேட்க இனிக்கிற பாதி. விளையாட்டு வீரர்களுக்கு பிசியோதெரபி பார்ப்பது என் தொழில். கோல்ஃப் ஆடுகிற ஒருவர் அடிபட்டுப் படுத்தால் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஹோகன் பெயரை இழுக்காமல் போக மாட்டார்கள், அவர் காலுக்கு என்ன ஆனது என்று கேட்டால் அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

1949 பிப்ரவரி 2. ஹோகனுக்கு 36 வயது. முந்தைய வருடம்தான் யு.எஸ். ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப் இரண்டையும் சேர்த்து 10 போட்டிகளை ஜெயித்திருந்தார். புது வருடத்திலும் இரண்டு ஜெயித்தாயிற்று. ஃபீனிக்ஸில் பிளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) ஜிம்மி டெமரெட்டிடம் தோற்றுவிட்டு, மனைவி வேலரியோடு காரில் டெக்சாஸ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வான் ஹார்ன் என்கிற சிற்றூர் பக்கம் நல்ல மூடுபனி. ஒரு சின்னப் பாலத்தில், லாரியை முந்திக்கொண்டு எதிரே வந்த கிரேஹவுண்ட் பஸ் நேராக இவர் கார்மேல் ஏறியது. ஹோகன் மனைவியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து விழுந்தார். அதே நேரம் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இடுப்பு எலும்பில் இரட்டை முறிவு, காறை எலும்பு, இடது கணுக்கால், ஒரு விலா. ஆமாம், உங்கள் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துத்தான் போகிறது. இதுவரை கோச் சொன்ன கதை.

அவர் சொல்லாததுதான் எனக்கு முக்கியம். எல் பாசோ மருத்துவமனையில் எலும்புகள் ஒருவழியாகக் கூட ஆரம்பித்த நேரத்தில், காலில் உறைந்த இரத்தக் கட்டிகள் நுரையீரலுக்குப் போகத் தொடங்கின. ஹோகனைக் கிட்டத்தட்ட கொண்டுபோயிருந்தது அதுதான், எலும்பு முறிவு இல்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் வயிற்றைத் திறந்து, இரண்டு காலிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரையையே கட்டிவிட்டார். இனி கட்டி மேலே போக வழியில்லை. உயிர் தங்கியது. ஆனால் அதன்பிறகு கால்களில் இறங்கிய இரத்தம் பக்கத்திலுள்ள சின்னச் சின்னச் சிரைகளைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். நின்றால் வீங்கும், நடந்தால் வலிக்கும், சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம். 1997இல் இறக்கும்வரை அவர் காலின் கதி இதுதான். அவரை நொண்ட வைத்தது மனசு சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை, இரத்த ஓட்டம்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உங்கள் வீக்கம். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்குக் காலின் உள்சிரைகளில் இரத்தம் உறைவது தெரிந்த ஆபத்துதான், அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் அதற்கென்றே ஊசியோ மாத்திரையோ கொடுத்திருப்பார்கள். அப்போது கட்டி வந்ததா, வந்து யாரும் கவனிக்காமல் சிரையின் வால்வுகள் கெட்டுப்போயினவா என்று யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தெரியவில்லை. பிளேட் வைத்த கணுக்கால் ஒரு வருடம்கூட வீங்கும், அது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனாலும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்துப் பாருங்கள், இந்த வாரமே. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கனத்து, சூடாகி, வலித்தால், அல்லது காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், பதிலுக்காக எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, அந்த 11 மாதத்துக்கு வருவோம். ஏப்ரல் 1ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் வீட்டுக்குள் நடை, அப்புறம் தெருவில் நடை, கிளப்பை, அதாவது மட்டையை, கையில் எடுத்ததெல்லாம் பல மாதம் கழித்து. 1950 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன், ரிவியெரா மைதானம். நாலு சுற்றில் 73, 69, 69, 69 அடி (கோல்ஃபில் குறைந்தால்தான் நல்லது). சாம் ஸ்னீடோடு சமநிலை, பிளே-ஆஃபில் தோல்வி. உலகமே வாயைப் பிளந்தது, நியாயம்தான். அதன்பிறகு என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். முன்பெல்லாம் வாரம் தவறாமல் ஊர் ஊராகப் போய் ஆடிய மனிதர், ஒரு வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய போட்டிகளோடு நிறுத்திக்கொண்டார். பிஜிஏ சாம்பியன்ஷிப்பை அவர் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். ஆனால் அது அப்போது ஒருவரோடு ஒருவர் மோதும் மேட்ச் பிளே, ஒரே நாளில் 36 ஹோல், அதுவும் பல நாட்கள் தொடர்ந்து. அந்தப் பக்கம் 1960 வரை தலை வைத்துப் படுக்கவில்லை. தன் கால் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கணக்குப் போட்டு, தாங்காததை விட்டுவிட்டார், அது எவ்வளவு பெரிய பட்டமாக இருந்தாலும் சரி.

ஹோகனின் மன உறுதி என்று எனக்குப் படுவது இந்த விட்டுக்கொடுத்தல்தான். கோச் அனுப்பும் வீடியோவில் இது வராது, பின்னணி இசை போட்டு இதைக் காட்டவும் முடியாது.

மெரியன் மைதானத்துக் கதையும் உங்களுக்கு வந்திருக்கும், வராமல் இருக்காது. 1950 ஜூன், யு.எஸ். ஓப்பன், விபத்து நடந்து 16 மாதம். அந்தக் காலத்தில் கடைசி இரண்டு சுற்றும் ஒரே நாளில், சனிக்கிழமை 36 ஹோல் (1965இல்தான் அந்த வழக்கத்தை மாற்றினார்கள்). கணுக்காலிலிருந்து தொடைவரை கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினார். கடைசிச் சுற்றின் பாதிக்கு மேல் கால் மரத்து, நடக்கவே தடுமாறினார். கையிலிருந்த முன்னிலையும் கரைந்துபோனது. 18வது ஹோலில் ஒன்றாம் நம்பர் அயர்ன் மட்டையால் கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) அடித்த அந்த அடியின் படத்தை, பின்னாலிருந்து எடுத்தது, கோல்ஃப் ஆடுகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். கிரீனில் இரண்டு பட் (உருட்டும் அடி), அந்த ஹோலுக்கு வகுத்த அடிகளில் (பார்) முடித்தார், மூவர் சமநிலை. மறுநாள் இன்னொரு 18 ஹோல்: ஹோகன் 69, லாய்ட் மேங்ரம் 73, ஜார்ஜ் ஃபேஸியோ 75.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரால் எப்படி எழ முடிந்தது? தினமும் காலையில் எப்சம் உப்பு போட்ட வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடப்பார், பிறகு பொறுமையாகக் கட்டுப்போடுவார், அதற்குப் பிறகுதான் மைதானம். ஒரு சுற்று ஆடுவதற்காக இந்த மாதிரி மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. உங்கள் கோச் 36 ஹோலைப் பார்க்கிறார், நான் தொட்டியைப் பார்க்கிறேன். தொழில்புத்தி, வேறென்ன.

1953இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் ஒரே வருடத்தில் எடுத்தார். அந்த வருடம் மொத்தமே ஆறு போட்டிதான் ஆடினார், ஐந்தில் ஜெயித்தார். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் ஆடிய பிரிட்டிஷ் ஓப்பன் அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே ஒரு பிரிட்டிஷ் ஓப்பன். இரண்டு வாரம் முன்னதாகவே போய் இறங்கி, அந்த மண்ணையும் அங்கே புழங்கிய சின்னப் பந்தையும் பழகிக்கொண்டார்: 73, 71, 70, 68. மொத்தம் அவர் ஜெயித்த 64 டூர் போட்டிகளில் பெரும்பகுதி விபத்துக்கு முன்னால். ஆனால் 9 மேஜர்களில் (மிகப் பெரிய நாலு போட்டிகளின் பட்டங்கள்) 6 விபத்துக்குப் பின்னால். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் என்ன செய்தார் என்பது புரியும்.

இப்போது உங்கள் நிலைமை. நீங்களும் அவரைப்போல கேடியாக ஆரம்பித்தவர் (ஹோகன் ஃபோர்ட் வொர்த்தில் பை தூக்கிக்கொண்டிருந்தார்). ஆனால் ஒற்றுமை அத்தோடு முடிந்தது. விபத்து நடந்தபோது ஹோகன் உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்தவர். எந்தப் போட்டியை ஆடுவது, எதை விடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம், வருடம் ஆறு ஆடினாலும் டூரில் ஆடும் உரிமையை யாரும் பிடுங்க மாட்டார்கள். நீங்கள் தகுதிச் சுற்றில் ஜெயித்தால் உங்களுக்குக் கிடைப்பது என்ன? வாரா வாரம் ஒரு ஊர், ரயில், பஸ், பயிற்சிச் சுற்று, அமெச்சூர்களோடு ஆடும் புரோ-ஆம், அப்புறம் போட்டி, பாதியில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' தாண்டினால்தான் காசு. அதாவது ஹோகன் எதை முதலில் வெட்டி எறிந்தாரோ அதைத்தான் நீங்கள் இரண்டு மாதத்தில் போய் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். 12 ஹோலில் வீங்குகிற காலோடு. தோற்றால்கூடப் பரவாயில்லை என்பேன், ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு டைகர் உட்ஸ் போதும். 2008இல் டோரி பைன்ஸில் இடது முழங்கால் தசைநார் அறுந்து, கீழே எலும்பிலும் கீறலோடு 91 ஹோல் ஆடி யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார், அதைத்தான் எல்லோரும் போஸ்டர் ஒட்டுகிறார்கள். முதுகு விஷயத்துக்கு வாருங்கள். முதல் அறுவை 2014 மார்ச் 31. ஜூன் கடைசியிலேயே போட்டிக்கு வந்தார், கட் தாண்டவில்லை. ஆகஸ்டில் ஒரு போட்டியின் நடுவே முதுகைப் பிடித்துக்கொண்டு விலகினார். 2015 செப்டம்பரில் மறுபடி அறுவை, அடுத்த மாதமே இன்னொன்று. 2017 ஏப்ரலில் நான்காவது, கீழ் முதுகின் கடைசி எலும்பை அதற்குக் கீழுள்ள எலும்போடு இணைத்துப் பூட்டியது. அந்தத் தடவை நவம்பர் கடைசிவரை போட்டிப் பக்கம் வரவில்லை. 2018 செப்டம்பரில் டூர் சாம்பியன்ஷிப், 2019 ஏப்ரலில் 43 வயதில் மாஸ்டர்ஸ். பூட்டுப்போட்டதுதான் வேலை செய்தது, பொறுமையால் என்று சொல்ல முடியாது என்று ஒரு சக மருத்துவர் என்னோடு வாதாடுவார், இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பதும் கண்ணெதிரே இருக்கிறது.

அதே உட்ஸ் 2021 கார் விபத்தில் வலது காலை நொறுக்கிக்கொண்டு, 2022 மாஸ்டர்ஸில் திரும்பினார். பந்து அடிப்பது பிரச்சினையில்லை, நடப்பதுதான் கஷ்டம் என்று அவரே சொன்னார். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் ஏற்ற இறக்கம் அதிகம். கட் தாண்டினார், கடைசி இரண்டு நாளும் 78, 78. இது உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் பயிற்சி ரேஞ்சில் ஒரே இடத்தில் நின்று நன்றாக அடிக்கிறீர்கள், அதை வைத்து கோச் தயார் என்கிறார். 18 ஹோல் நடந்து ஆடினால் எட்டு, பத்து கிலோமீட்டர் ஆகும், புல்லில், சரிவில். உங்களுக்கு முதலில் தோற்றுப்போவது அந்த நடைதான்.

முதுகு ஏன் பிடிக்கிறது? வலது கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். அடித்து முடிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க இடது காலுக்கு வருகிறது, அந்தக் காலின்மேல் இடுப்பு உள்பக்கமாகச் சுழல வேண்டும், கணுக்கால் வெளிவிளிம்பின்மேல் சாய வேண்டும். உங்களுக்கு இரண்டுமே அடிபட்ட இடம். அவை மறுத்தால் மிச்சச் சுழற்சியை அடிமுதுகு ஏற்றுக்கொள்கிறது, அதற்கு அந்த வேலை பழக்கமில்லை. முதுகுக்கு மட்டும் ஒத்தடமும் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது. குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கம் விழவிட்டு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இடது பக்கம் குறைவாக விழுந்தால் இடுப்பு மூட்டு உள்பக்கம் சுழலவில்லை என்று அர்த்தம். கூடவே முறிவு இடுப்பின் மூட்டுக் கிண்ணத்தைத் தொட்டிருந்ததா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள், தொட்டிருந்தால் நீட்சிப் பயிற்சியில் வம்பாக இழுக்கக் கூடாது.

இடைக்கால வைத்தியமாக ஒன்று சொல்கிறேன், இதுவும் ஹோகன் சொல்லிக்கொடுத்ததுதான். நிற்கும்போது இடது பாதத்தைக் கொஞ்சம் இலக்குப் பக்கமாகத் திறந்து வையுங்கள். இடுப்புக்கும் கணுக்காலுக்கும் சுழல வேண்டிய அளவு குறைந்துவிடும். பந்து கொஞ்ச நாள் வேறு பக்கம் போகும், பழகிவிடும்.

பயிற்சியில் வரிசையை மாற்றுங்கள். நீங்கள் டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். பட்டிங், சிப்பிங் மாதிரி சின்ன அடிகள் எவ்வளவு வேண்டுமானாலும். குறைந்த தூர மட்டைகளான வெட்ஜ், குட்டை அயர்ன் ஒருநாள் விட்டு ஒருநாள். நடை தனியாக, கிளப் இல்லாமல், முதலில் 9 ஹோல் தூரம். டிரைவர் கடைசி. அளவுகோல் அன்றைய வலி இல்லை, மறுநாள் காலை கணுக்காலின் சுற்றளவு. டெய்லர் டேப்பால் தினமும் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். இரவு தூங்கி எழுந்தும் வீக்கம் இறங்கவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், அவ்வளவுதான், குறைத்துவிடுங்கள். இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்குங்கள், வலது கால் எத்தனை முறை தூக்குகிறதோ அதற்குப் பக்கத்திலாவது வர வேண்டும். இது வராமல் யாரும் உங்களை நாலு நாள் போட்டிக்கு அனுப்பக் கூடாது, நான் அனுப்ப மாட்டேன்.

நடப்பதற்குப் பதில் கோல்ஃப் கார்ட் (சின்ன வண்டி) கேட்கலாமா என்று ஒருவேளை நினைத்திருப்பீர்கள். அமெரிக்காவில் கேஸி மார்ட்டின் என்பவர் பிறவியிலேயே வலது காலில் இரத்த ஓட்டக் கோளாறு உள்ளவர், டூர் மறுத்தபோது வழக்குப் போட்டு, 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் கார்ட் உரிமை வாங்கினார். அது அந்நாட்டுச் சட்டம், நிரந்தரக் குறைபாடு. உங்களுடையது ஆறக்கூடியது. பயிற்சியில் தாராளமாகக் கார்ட் எடுங்கள், போட்டிக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். அவருக்கு உங்கள்மேல் அக்கறை இருக்கிறது, அது தப்பான கதையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிலை அவருக்கே அனுப்புங்கள், நிறைய நாள் அவர் அனுப்பிப் படித்தீர்கள் அல்லவா. அவரிடமே ஒரு உதவியும் கேளுங்கள்: ஜூனியர் பசங்களுக்குக் கற்றுத்தரும் வேலையில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நின்று பேசுகிற வேலை, இடையிடையே உட்காரலாம், கையில் கொஞ்சம் காசும் வரும். வீட்டில் வருமானம் நின்றதால்தான் இவ்வளவு அவசரம் என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாததையும் சேர்த்துப் படிக்கிறேன். தகுதிச் சுற்று அடுத்த வருடமும் வரும், நுழைவுக் கட்டணத்தை இந்த வருடம் ஸ்கேனுக்கும் பிசியோவுக்கும் செலவழியுங்கள்.

டாப்ளர் ரிப்போர்ட், இடுப்பின் புது எக்ஸ்ரே, அறுவை மருத்துவர் மூட்டுக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னது, மூன்று வாரச் சுற்றளவுக் குறிப்பு, இந்த நாலையும் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு டிரைவரை எப்போது தொடலாம் என்று சொல்கிறேன்.